டன்கிர்க் முன்னோட்டமும் போரின் ஒலியும்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘டன்கிர்க்’ திரைப்படம் 2017 ஜூலையில் வெளியானது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பாக, 2016 ஆகஸ்டில், அதன் முதல் முன்னோட்டம் வந்தது. ஒரு நிமிட அளவே ஓடும் சிறு துண்டு அது. கடலுக்குள் நீளும் குறுகிய அலைத்தடுப்புப் பாலத்தில் வீரர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எங்கிருந்தோ ஓர் ஓலம் கேட்கிறது. ஒருவன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறான். ஓலம் வலுக்க வலுக்க, நின்றிருந்த கூட்டம் மொத்தமும் குனிகிறது. குண்டு எங்கே விழுந்தது என்று அறியும் முன்பே படத்தின் பெயர் வந்துவிடுகிறது.

போர்ப்படம் என்றால் வெடிப்பும் புகையும் கொடியும் என்று பழகிய பார்வையாளருக்கு இது சற்றுப் புதிது. எதிரியின் முகம் தெரிவதில்லை. நாயகன் யார் என்பதும் தெரிவதில்லை. ஆனாலும் அச்சம் வந்து பற்றிக்கொள்கிறது. போர்ப்பட முன்னோட்டத்தின் மனநிலை கண்ணுக்கு எட்டும் முன்பே காதுக்கு எட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்த உத்தியின் வேரைத் தேடிப் போனால் அது திரையுலகோடு நின்றுவிடுவதில்லை. 1940ஆம் ஆண்டின் போர்க்களத்துக்கே போகிறது.

கடற்கரையில் கேட்ட ஓலம்

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் பிரான்சுக்குள் புகுந்து ஆங்கிலக் கால்வாய்க் கரையை எட்டியபோது, பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் படைகளில் பெரும்பகுதி வடக்கே துண்டிக்கப்பட்டது. டன்கிர்க் துறைமுகமும் அதை ஒட்டிய கடற்கரையுமே தப்பிக்கும் வழி. மே 26 முதல் ஜூன் 4 வரை நடந்த ‘டைனமோ நடவடிக்கை’யில் 3,38,226 வீரர்கள் கடல்வழியே மீட்கப்பட்டார்கள். அவர்களில் 1,20,000க்கும் மேற்பட்டோர் பிரெஞ்சுக்காரர்கள்.

கப்பலுக்காக வரிசையில் காத்து நின்றவர்களை ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. அவற்றுள் ‘ஸ்டூக்கா’ என்று அழைக்கப்பட்ட யுங்கர்ஸ் 87 வகை விமானம், ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்து வந்து குண்டு போடக்கூடியது. அதன் சக்கரக் காலில், காற்றாடியால் இயங்கும் ஊதல் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. எக்காள ஓசையில் நகரத்தின் மதில் இடிந்து விழுந்ததாகச் சொல்லும் விவிலியக் கதையை ஒட்டி அதற்கு ‘ஜெரிக்கோ எக்காளம்’ என்ற பெயர் வழங்கியது. விமானம் பாயும் வேகம் கூடக்கூட ஊதலின் ஓலமும் ஏறும். குறி பார்ப்பதற்கோ குண்டின் வலிமைக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை. சொல்லப்போனால் விமானத்தின் வேகத்தை அது சற்றுக் குறைக்கவே செய்தது. கீழே நிற்பவர்களைக் கலங்கடிப்பது ஒன்றே அதன் வேலை.

இன்று திரைத்துறையில் ஒலி வடிவமைப்பு என்று சொல்லப்படுவதை அன்று ஆயுதத் தொழில் செய்திருக்கிறது. ஓர் ஓசை ஏறிக்கொண்டே போனால் அதன் முடிவில் ஏதோ நிகழப்போகிறது என்று மனம் தானாக எதிர்பார்க்கும். ஸ்டூக்காவை வடிவமைத்தவர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த எதிர்பார்ப்பைத்தான். 2016இல் வந்த முன்னோட்டமும் அதே எதிர்பார்ப்பில்தான் நிற்கிறது.

ஒலியால் மனநிலையை மாற்றும் வேலை மறுகரையிலும் நடந்தது. ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில், பின்வாங்கி மீள்வதால் போரை வெல்ல முடியாது என்று எச்சரித்தார். மறுநாள் எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லி பிபிசி வானொலியில் பேசினார். விடுமுறைப் பயணிகளை ஏற்றிச் சென்ற சிறு நீராவிக் கப்பல்கள் வீரர்களை மீட்கப் போன கதையை அவர் உருக்கத்தோடு சொன்னார். ஒரு பெருந்தோல்வி மக்கள் மனத்தில் மீட்சிக் கதையாக மாறியதில் அந்த வானொலிக் குரலுக்கும் பங்கு உண்டு.

முழங்கிய காலம்

முன்னோட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிரெய்லர்’ என்ற பெயர், பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள்படும். தொடக்கத்தில் படம் முடிந்த பிறகு அதன் வாலாகக் காட்டப்பட்டதால் அந்தப் பெயர். 1910களில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வழக்கம் விரைவில் தனித் தொழிலாயிற்று. 1919இல் தொடங்கப்பட்ட நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் பல பத்தாண்டுகள் ஹாலிவுட் முன்னோட்டங்களைத் தயாரித்துத் தந்தது. பெரிய எழுத்துகள் திரையில் பாய்ந்து வரும். கனத்த ஆண்குரல் ஒன்று படத்தின் பெருமையை அறிவிக்கும். பித்தளைக் கருவிகள் முழங்கும். காதல் படமானாலும் போர்ப்படமானாலும் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். திருவிழாவில் ஒலிபெருக்கி வைத்து அழைப்பதைப் போன்றது அது. போர்ப்படத்துக்கு அந்த முழக்கம் பொருந்தாது என்று அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1964இல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்துக்குப் பாப்லோ ஃபெர்ரோ உருவாக்கிய முன்னோட்டம் இந்த வடிவத்தை உடைத்தது. ஒற்றைச் சொல் அட்டைகளும் கணநேரக் காட்சிகளும் மாறி மாறி மின்னின. அணுஆயுதப் போரைக் கேலி செய்யும் படத்துக்கு அந்தப் பதற்றமான வெட்டு பொருத்தமாக அமைந்தது. பிறகு 1979இல் வந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் வால்டர் மர்ச் ஹெலிகாப்டர் விசிறியின் ஓசையையே வியட்நாம் போரின் அடையாளமாக மாற்றினார். அந்த ஓசை கேட்டாலே வியட்நாம் என்று பார்வையாளர் புரிந்துகொள்ளும் அளவுக்கு அது பரவிவிட்டது.

1998இல் வந்த இரண்டு படங்களை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி கேமராவின் ஷட்டரைக் குறுக்கி, ஒவ்வொரு சட்டகத்திலும் அசைவின் மங்கலைக் குறைத்தார். சிதறும் மண் துகள்கூட வெட்டி வைத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது. நிறங்களையும் வற்ற வைத்தார். அந்தச் சாம்பல் பச்சை நிறம் அதன் பிறகு வந்த போர்ப்பட முன்னோட்டங்களின் சீருடையாகவே ஆகிவிட்டது. மற்றொன்று டெரன்ஸ் மாலிக்கின் ‘தி தின் ரெட் லைன்’. இதற்கு ஹான்ஸ் ஜிம்மர் அமைத்த ஓர் இசைத்துண்டு, கடிகாரத் துடிப்பைப் போன்ற தாளத்தில் மெல்லத் தொடங்கி, அடுக்கடுக்காக எழுந்து செல்லும். 2001இல் வந்த ‘பேர்ல் ஹார்பர்’ உட்பட வேறு படங்களின் முன்னோட்டங்களும் அந்த இசையை எடுத்தாண்டன. பொறுமையாக ஏறும் இசை முழக்கத்தைவிட வலியது என்பதை முன்னோட்டம் தயாரிப்பவர்கள் அதிலிருந்து நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அதே ஜிம்மர்தான் ‘டன்கிர்க்’ படத்துக்கும் இசையமைத்தார்.

முடியாமல் ஏறும் சுரம்

‘டன்கிர்க்’ படத்தின் விரிவான முன்னோட்டங்கள் 2016 டிசம்பரிலும் 2017 மே மாதத்திலும் வந்தன. இவற்றில் முதலில் காதில் விழுவது கடிகாரத்தின் டிக் டிக் ஓசை. நோலன் தம்முடைய கைக்கடிகாரம் ஒன்றின் ஓசையைப் பதிவுசெய்து ஜிம்மரிடம் கொடுத்தார்; படத்தின் இசை அதிலிருந்து வளர்க்கப்பட்டது. பேச்சு வந்தாலும் போனாலும், காட்சி மாறினாலும், பின்னால் நேரம் தீர்ந்துகொண்டே இருக்கிறது என்ற உணர்வை அந்தத் துடிப்பு விடாமல் தருகிறது.

அடுத்தது ‘ஷெப்பர்ட் சுரம்’. உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் 1964இல் விளக்கிய ஒரு செவி மயக்கம் இது. மந்திர, மத்திய, தார ஸ்தாயிகளில் ஒரே சுரத்தை மூவர் ஒன்றாகப் பாடியபடி மேலே ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் பாடுபவரின் குரல் மெல்லத் தேய்ந்து மறையும். அதே நேரத்தில் அடியில் புதிதாக ஒருவர் சன்னமாகச் சேர்ந்துகொள்வார். யார் போனார், யார் வந்தார் என்பது காதுக்குப் பிடிபடாது. சுரம் ஓயாமல் ஏறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். உச்சம் மட்டும் வரவே வராது. ‘டன்கிர்க்’ இசையில் இந்த உத்தி கையாளப்பட்டது. திரைக்கதையையே இந்த ஏற்றத்தின் அடிப்படையில் அமைத்ததாக நோலன் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். ஸ்டூக்காவின் ஊதல் குண்டு வெடிப்போடு நின்றுவிடும். ஷெப்பர்ட் சுரத்துக்கு அந்த முடிவும் கிடையாது.

இந்த ஒலியின் மேல்தான் படத்தொகுப்பு உட்கார்ந்திருக்கிறது. படத்தில் மூன்று கதைகள் மூன்று கால அளவில் ஓடுகின்றன: கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம். படத்தில் இவை எழுத்திலேயே அறிவிக்கப்படுகின்றன. முன்னோட்டத்துக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. விமானியின் முகமூடி அணிந்த முகம், படகின் சுக்கானைப் பிடித்திருக்கும் முதியவர், நீரில் தத்தளிக்கும் இளைஞன் என்று அடுத்தடுத்து வைக்கும்போது, எல்லாம் ஒரே நொடியில் நடப்பதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிழையான புரிதலே பதற்றத்தைக் கூட்டுகிறது. படத்தொகுப்பாளர் லீ ஸ்மித் 2018இல் இந்தப் படத்துக்காக ஆஸ்கர் பெற்றார். படத்துக்குக் கிடைத்த மற்ற இரண்டு ஆஸ்கர்களும் ஒலித் தொகுப்புக்கும் ஒலிக் கலவைக்கும் உரியவை.

காட்சியில் முதன்மையானது அளவு. ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமா பெரும்பகுதியை ஐமேக்ஸ் கேமராவில் படமாக்கினார். அகன்ற வெளிர்மணலில் வீரர்களின் வரிசைகள் கறுப்புக் கோடுகளாக நீண்டு கடலில் முடிகின்றன. அடுத்த வெட்டில் ஒரே ஒரு முகம். எறும்பு அளவிலிருந்து கண் இமை அளவுக்குத் தாவும் இந்த மாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டத்தில் இருந்தும் ஒவ்வொருவனும் தனியன் என்ற உணர்வை எந்த வசனமும் இவ்வளவு சுருக்கமாகத் தந்துவிடாது. கடல், வானம், சீருடை மூன்றும் நீலச் சாம்பலில் கலந்திருப்பதால் ஒளிய இடமில்லை என்று தோன்றுகிறது. இரத்தம் மிகக் குறைவு. டன்கிர்க் கடற்கரையிலேயே படமாக்கியதும், கணினி வரைகலையை முடிந்தவரை தவிர்த்ததும் இந்தக் காட்சிகளுக்கு எடை சேர்க்கின்றன. கூட்டத்தைப் பெருக்கிக் காட்ட அட்டையில் வெட்டிய வீரர் உருவங்களை நிறுத்தினார்கள் என்பது சுவையான செய்தி.

மாணவர்கள் இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். முன்னோட்டத்தை முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். கடலோரத்தில் காத்திருக்கும் மனிதர்களைப் பற்றிய, சோகமான ஆனால் நிதானமான படமாகத் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூச்சு வேகமாவதை நீங்களே கவனிக்கலாம்.

சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

டிசம்பர் முன்னோட்டத்தில் கடற்படை அதிகாரி ஒருவர் கால்வாயின் மறுகரையைப் பார்த்து, கிட்டத்தட்ட இங்கிருந்தே கண்ணில் படுகிறது என்கிறார். எது என்று கேட்டால், ‘வீடு’ என்பது பதில். ஓலமும் டிக் டிக்கும் நிறைந்த துண்டுக்குள் இந்த அமைதியான பேச்சு ஆழமாக இறங்குகிறது. படத்தின் விளம்பர வாசகமும் இதே கருத்தைத்தான் பிடித்துக்கொண்டது: வீடு திரும்ப முடியாத 4,00,000 பேரைத் தேடி வீடே வந்தது என்பது அதன் சாரம். அதாவது மக்களின் சிறு படகுகள்.

வரலாற்று எண்கள் இந்த உருக்கத்தோடு முழுதாக ஒத்துப்போவதில்லை. மீட்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 2,39,000 பேர், துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். கடற்கரையிலிருந்து ஏறியவர்கள் ஏறத்தாழ 99,000 பேர். போர்க்கப்பல்களும் பெரிய பயணிகள் கப்பல்களுமே பெரும்பாலானோரைச் சுமந்து சென்றன. சிறு படகுகள் ஆழமற்ற நீரிலிருந்து பெரிய கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுசேர்த்தன. அந்தப் பணி சிறியதன்று. ஆனால் 1940 ஜூனில் வானொலியில் பிறந்த கதை 2017இன் விளம்பரத்திலும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓலத்தைப் பொறுத்தவரை முன்னோட்டம் வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கிறது. ‘வீடு’ என்ற சொல்லில் அது பழைய பிரச்சாரத்தின் வழியிலேயே நடக்கிறது என்பது என் கருத்து.

அந்தச் சொல் யாருடைய வீட்டைக் குறிக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. மீட்பு நடக்க அவகாசம் கிடைத்தது, சுற்றிலும் பிரெஞ்சுப் படைகள் ஜெர்மானியரைத் தடுத்து நின்றதால். அவர்களில் பல்லாயிரம் பேர் கடைசியில் சிறைபிடிக்கப்பட்டார்கள். 106 நிமிடப் படத்தில் அதே அதிகாரி பிரெஞ்சு வீரர்களுக்காகப் பின்தங்குவதைச் சொல்ல இடம் கிடைத்தது. இரண்டு நிமிட முன்னோட்டத்தில் அது கிடைக்கவில்லை.

இந்திய வீரர்களுக்குப் படத்திலேயே இடம் கிடைக்கவில்லை. படம் வெளியானபோது இந்தியாவிலும் பிரிட்டனிலும் இது விவாதிக்கப்பட்டது. ‘கே-6 படை’ என்ற பெயரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கோவேறு கழுதைக் குழுக்கள் நான்கு 1939 டிசம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. வீரர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் பகுதி முஸ்லிம்கள். இயந்திர வாகனங்களை நம்பி வந்த பிரிட்டிஷ் படைக்கு, வண்டி போக முடியாத சேற்றிலும் பனியிலும் சுமை கொண்டுசெல்வது அவர்கள் வேலை. ஒரு குழு ஜெர்மானியரிடம் சிறைபட்டது. டன்கிர்க் வந்து சேர்ந்தவர்கள் தங்கள் கழுதைகளை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற வீரர்களோடு கப்பலேறி பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களும் அந்த ஓலத்தைக் கேட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய வீடு மட்டும் அந்தக் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.