டெர்மினல் மல்டிபிளெக்சரில் சர்வர்களைத் தானே துவக்குதல்

ஒரே முனையத்தினுள் பல ஜன்னல்களைத் திறந்து, பயனர் தொடர்பை அறுத்துக்கொண்டு சென்ற பின்னரும் அவற்றில் ஓடும் நிரல்களைக் காத்து நிற்கும் டெர்மினல் மல்டிபிளெக்சரின் துணையால், கணினி எழுந்த மாத்திரத்தில் சர்வர் நிரல்கள் எவர் கையும் படாமலே கிளம்பும்படி செய்துவைக்கும் முறை யூனிக்ஸ் நிர்வாகிகளிடையே பிரசித்தமானது.

1986-இல் 4.3 பி.எஸ்.டி.யோடு வந்த 'விண்டோ' நிரலை இதன் முன்னோடியாகச் சிலர் கருதுவர். ஆயினும் இம்முறைக்கு ஆதாரமாய் அமைந்தது, பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌமன், கார்ஸ்டன் போர்மன் ஆகியோர் உருவாக்கி 1987-இல் வெளியான ஸ்கிரீன் என்பதே பொதுவான அபிப்பிராயம். 'டி', 'எம்' என்னும் இரு குறிகளைச் சேர்த்து அழைத்தால், எந்த முனையத்தோடும் ஒட்டாத ஓர் அமர்வை அது தோற்றுவிக்கும். கணினித் துவக்க ஸ்கிரிப்டுகளுக்கு இது உபயோகமானது என்று அதன் கையேடே கூறுவதால், துவக்கத்தில் ஓடும் ஆர்.சி.லோக்கல் கோப்பிலோ, குறித்த வேளையில் பணிகளை ஓட்டும் கிரானின் 'அட் ரீபூட்' வரியிலோ இவ்வழைப்பை எழுதிவைப்பது வழக்கமாயிற்று. முதற்குறியைப் பெரிய எழுத்தில் இட்டால், ஸ்கிரீன் பின்னணிக்குப் பிரிந்து போகாமல், அமர்வு முடியும்வரை அழைத்தவரிடமே நிற்கும். மேற்பார்வை நிரல்களுக்கு இதுவே உகந்தது.

ஓடிய நிரல் மாண்டால் அதன் ஜன்னலும் உடனே மறைந்துவிடும். ஆகவே சர்வர் எக்காரணத்தால் விழுந்தது என்பதற்குச் சாட்சியமும் மிஞ்சாது. இக்குறைக்குப் பரிகாரமாக அமைந்த 'ஸாம்பி' கட்டளை விசேஷமானது: அதற்கு 'கே', 'ஆர்' என இரு விசைகளைக் கொடுத்துவைத்தால், இறந்த ஜன்னல் தன் கடைசி வரிகளோடு பட்டியலில் தங்கும், முதல் விசை அதை அப்புறப்படுத்தும், இரண்டாவது விசையோ பழைய நிரலை அதே இடத்தில் மீண்டும் எழுப்பும்.

டெர்மினலே வேண்டாமல் பின்னணியில் ஓடும் டெமன்களுக்கு இவையெல்லாம் அநாவசியமே. ஆனால் மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டு சர்வர்கள் தம் கன்சோலில் தட்டப்படும் 'ஸ்டாப்' என்ற சொல்லைக் கேட்டே உலகத்தைச் சேமித்துவிட்டு ஓய்வன. அச்சொல்லை 'ஸ்டஃப்' கட்டளையின் மூலம், விசைப்பலகையில் ஆள் இருப்பதைப் போலவே, வெளியிலிருந்து உட்செலுத்தலாம். ஒருமுறையேனும் இணைக்கப்படாத அமர்வாயின், எந்த ஜன்னலுக்கு என்பதையும் குறிப்பிடுதல் அவசியம்.

நிக்கோலஸ் மாரியட் 2007-இல் வெளியிட்ட மற்றொரு மல்டிபிளெக்சரான டிமக்ஸ், 2009-இல் ஓபன் பி.எஸ்.டி.யின் அடிப்படைத் தொகுப்பில் இடம்பெற்றது. அமர்வுகளை ஒரு கோப்பில் வர்ணித்து எழுப்பும் டிமக்ஸினேட்டர் பின்னர் தோன்றியது.

2016 மே மாதத்தில் வந்த, லினக்ஸின் துவக்க நிர்வாகியான சிஸ்டம்டியின் 230-ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய நிரல்களனைத்தையும் முடிப்பதை இயல்பாக்கியபோது, ஸ்கிரீன், டிமக்ஸ் அமர்வுகளும் உடன் அழிந்தன. வெளியேறியவரின் நிரல்கள் எஞ்சுவது சீர்கேடென்று ஒரு சாராரும், பல்லாண்டு நடைமுறையை முறிப்பதே பிழையென்று மறுசாராரும் வாதித்தனர். லினக்ஸ் விநியோகமான டெபியன் பழைய வழக்கத்துக்கே திரும்பியது. சிஸ்டம்டியில் பயனருக்கு 'லிங்கர்' அனுமதி அளித்தால், அவருடைய சேவைகள் கணினி எழும்போதே துவங்கி, அவர் வெளியேறிய பின்னும் நிலைக்கும்.

2019-இல் வந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஸ்கிரீனை விலக்கி டிமக்ஸைக் கைக்கொண்டது. ஸ்கிரீனின் 5.0 பதிப்பு 2024-இல் வெளியாயிற்று.