தூண்டில் ஈயின் உடற்கட்டு: டப்பிங்கும் வரிச்சுற்றும்

டப்பிங் என்பது, முயல் முதலிய பிராணிகளின் மென்மயிரை மெழுகிட்ட நூலோடு முறுக்கி, அந்நூலைத் தூண்டில் முள்ளின் தண்டிற் சுற்றி, மீனைக் கவரும் செயற்கை ஈக்கு உடல் அமைக்கும் முறை. ரிப்பிங் என்னும் வரிச்சுற்று, அவ்வுடலின்மேல் சரிகையையோ மென்கம்பியையோ இடைவெளி விட்டுச் சுற்றி வரியிடும் முறை. திரைப்படத்தாரின் டப்பிங்குக்கும் இதற்கும் ஒலியளவில் ஒற்றுமையன்றி வேறு உறவில்லை. அது இரட்டிப்பைக் குறிக்கும் சொல்லிற் பிறந்தது, இதுவோ அணிசெய்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு இக்கலை, தேயிலையைப் போலவே, கடல் கடந்து வந்தது.

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய ஆசிரியர், மக்கெதோனியர் முள்ளிற் செந்நிறக் கம்பளிமயிரைச் சுற்றி, சேவற்றாடியின் அடியில் வளரும் மெழுகுநிற இறகு இரண்டைச் சேர்த்து மீனை மயக்கியதாக எழுதியிருக்கிறார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான, ஜூலியானா பெர்னர்ஸ் அம்மையார் இயற்றியதாகக் கூறப்படும் தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களை வருணிக்கிறது. அவற்றுள் ஒன்று செங்கம்பளி உடலின்மேல் கரும்பட்டு நூல் சுற்றியது, வேறு சில மயிற்பீலி இழை சுற்றியவை. ஆகவே மயிருடலும் அதன்மேற் சுற்றும் அன்றே சேர்ந்து வழங்கின. 1676-இல் வால்ட்டன் என்பவரின் தூண்டில் நூலுக்குத் தம் பகுதியைச் சேர்த்த சார்ல்ஸ் காட்டன், மயிரின் மெய்ந்நிறத்தை அறியச் சூரியனுக்கும் கண்ணுக்கும் இடையே அதைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று கற்பித்தார்; நீருக்குள்ளிருந்து வெளிச்சத்தை நோக்கும் மீனின் கண்கொண்டு பார்க்கும் இந்த உபதேசத்தினும் சிறந்த ஒன்று இக்கலையில் பின்னர்த் தோன்றியதாகச் சொல்ல முடியாது.

மலைநாட்டில், காப்பித் தோட்டங்கள் இலைத்துரு நோயால் மடிந்து தேயிலை அவற்றின் இடத்தைக் கொண்ட அதே காலத்தில், 1882-இல் பழுப்பு டிரவுட் மீனும், 1889-இல் வானவில் டிரவுட் மீனும் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டன. 1896-இல் இலங்கை மீன்பிடி மன்றம் அமைந்தது. பழுப்பு டிரவுட் தானே பெருகாமையால் குஞ்சுபொரிக்கும் நிலையங்களை நம்பியிருந்தது. வானவில் டிரவுட்டோ ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடைகளில் தானே இனம் பெருக்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயங்களில் வாழ, பக்கத்து ஓடைகளில் தூண்டில் வீசும் இன்பம் நெடுங்காலம் துரைமாருக்கே உரியதாயிருந்தது. ஆகையினாற்றான் இக்கலைக்குத் தமிழிற் சொற்கள் பிறக்கவில்லை.

ஆயினும் இதன் கைவேலை தமிழருக்குப் புதிதன்று. கார்த்திகைத் தீபத்துக்குப் பஞ்சைத் திரியாக உருட்டிய விரல்களுக்கு டப்பிங் உடனே விளங்கும். முள்ளைப் பிடிகுறட்டில் பொருத்தி, தொங்கும் நூலில் தேன்மெழுகு தடவி, சிட்டிகை மயிரைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒரே திசையில் உருட்டவேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் ஏறிய முறுக்கு இறங்கிவிடும். மயிர் மிகச் சிறிதாக, நூலின்மேல் புகை படிந்தாற்போல இருத்தல் வேண்டும். புதியவர் செய்யும் பிழை பெரும்பாலும் மிகுதியாக எடுப்பதே. முயற்காதின் கீழ்மயிர் மெத்தென்று உடலாக, அதனூடே வரும் கரட்டுமயிர் நீரில் அசைந்து கால்களின் பாவனை காட்டும். நீர்நாய் போன்ற நீர்வாழ் பிராணிகளின் மயிர் ஈரத்தைத் தள்ளுவதால் மிதக்கும் ஈக்கு உகந்தது; கம்பளியும் முயல்மயிரும் நீரைப் பருகி ஆழும். தடித்த, கரடான உடல் வேண்டுவோர் நூலை இரட்டை வளையமாக்கி, இடையில் மயிரைப் பரப்பி, வளையத்தைச் சுழற்றித் தூரிகை போலாக்குவர்.

வரிச்சுற்றுக்குரிய இழையை மயிருடல் தொடங்குமுன்னரே முள்ளின் வளைவிற் கட்டிவிட வேண்டும். பின்னர் கட்டினால் முடிச்சு புடைத்து நிற்கும். உடல் முடிந்ததும், மயிர் சுற்றிய திசைக்கு எதிராக நான்கைந்து சுற்றுகள் வால்புறத்திலிருந்து முள்ளின் காதுவரை செல்லும். ஒரே திசையிற் சுற்றினால் கம்பி மயிரிடையே புதைந்து மறையும். எதிர்த்திசையிற் சென்றாலோ ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே பிணித்து, டிரவுட்டின் கூரிய பற்களிடமிருந்து காக்கும். புழுவுடலின் கணுக்களைக் காட்டுவதும், நீருக்கடியில் மின்னுவதும் அதன் மற்றைய பிரயோஜனங்கள். இறுதியில் ஊசிமுனையால் வரிகளுக்கிடையே சில மயிர்களை மெல்லக் கிளறிவிடுவர். ஜீவன் வருவது அப்போதுதான்.

பொற்சரிகை சுற்றிய முயற்காது ஈயின் சரித்திரம் இங்கே குறிப்பிடத்தக்கது. மிதக்கும் ஈக்களைப் பற்றி 1886-இல் நூலெழுதிய ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு அதனால் மீன் பல பிடித்தும், அது எந்தப் பூச்சியையும் திட்டமாக ஒத்திராமையால் பிற்காலத்தில் தம் பட்டியலினின்று நீக்கினார். அவர் செய்தது தவறு என்பதே என் அபிப்பிராயம். இங்கிலாந்தின் வசந்தத்தைப் போல ஒரே இனப்பூச்சி ஒரே வாரத்தில் திரண்டெழும் சுபாவம் குறைந்த நம் மலையோடைகளில், எதையும் திட்டமாகக் காட்டாமல் எல்லாவற்றையும் நினைவூட்டும் உடலே மேலானது.

வானவில் டிரவுட் பெருகிய அந்த ஹோர்ட்டன் சமவெளி 1988-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே மட்டுமே வாழும் லங்காரிஸ் சிங்கலென்சிஸ் என்னும் சிறு நன்னீர் இறாலுக்கு, வந்தேறிய டிரவுட்டால் ஆபத்து நேர்ந்திருக்கிறது என்று உயிரியலார் எச்சரித்துள்ளனர்.