சுகுணசுந்தரி: காதற்கதையும் பெண்விடுதலையும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) தமிழின் முதல் நாவலாசிரியர் என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. அவர்தம் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. 1887இல் வந்த ‘சுகுணசுந்தரி’யோ அத்துணை ஆராயப்பெறவில்லை. காதலும், நாயகி கவரப்படும் திகிலும் நிறைந்த அக்கதையில், கல்வியின் சிறப்பையும் பாலிய மணத்தின் தீமையையும் ஆசிரியர் இடையிடையே விரித்துரைப்பது சுவைக்கு இடையூறு எனக் கருத இடமுண்டு. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று.

பெண்ணைப் பிறர் உடைமையாகக் கருதும் சமுதாயத்திலேயே அவளைக் கவர்தலும் எளிதாகும். கல்வியோ அவளைத் தனக்குத்தானே உரியவளாக்குகிறது. ஆகவே, நாயகிக்கு நேரும் இடரும் ஆசிரியர் கூறும் அறவுரையும் ஒரே கருத்தின் இரு கூறுகளாம். 1869இல் ‘பெண்மதி மாலை’ இயற்றியவர்க்கு இஃது இயல்பே.

இக்கருத்து ஏட்டளவில் நின்றதன்று. இராஜாக்கமங்கலம் முதலிய ஊர்களைக் கொண்ட அந்நாளைத் தென்திருவிதாங்கூரில், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்கள் பள்ளி நடத்தி, பின்னல் வேலையும் பயிற்றினார். அதில் ஈட்டிய பொருளால் அடிமைப் பெண்கள் சிலர் விடுதலை பெற்றனர்.

அம்மையார் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த சமயத்தொண்டர். பிள்ளையவர்களோ கத்தோலிக்கர், 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ தந்தவர். நாவலைச் சமயப் பரப்புரைக் கருவியாக்காதவர். எனவே, கிறித்தவ நாவலை அதன் சமயச் சொற்களால் மட்டும் அளத்தல் பொருந்தாது. அது மனித உயிர்க்குத் தரும் மதிப்பையும் கொண்டே அளத்தல் வேண்டும்.