பழைய சோற்றின் சரித்திரம்

எந்த அரசன் எந்தக் கோட்டையைப் பிடித்தான், எந்த வருஷம் அதைப் பறிகொடுத்தான் என்றெல்லாம் சரித்திர ஆசிரியர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அரசனுடைய குடிமக்கள் இரவில் மிஞ்சிய சோற்றை என்ன செய்தார்கள் என்று எழுதியவர்கள் மிகச் சிலர்தாம். கதை எழுதுகிறவனுக்கோ கோட்டையைவிட அடுப்படியில்தான் விஷயம் அதிகம். குளிர்சாதனப் பெட்டிக்குள் காமிரா வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும் காலம் வந்துவிட்டது. அந்தக் காமிரா எந்த வழியாக நம் சமையற்கட்டுக்குள் வந்தது என்பதும் ஒரு சரித்திரந்தானே?

கலெக்டர் அலுவலகமும் புதுப் புது மாடி வீடுகளுமாக விளங்குகிறது எங்கள் வேங்கிக்கால். இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் நெல்லுக்குக் குதிர் இருந்தது. தயிருக்கும் வெண்ணெய்க்கும் உறி இருந்தது. கோடையில் மலிந்த காய் மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, வற்றலாயிற்று. மிஞ்சிய சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அதை இலேசாகப் புளிக்க வைத்து, கெட்டவற்றைக் கிட்ட விடாமல் விடியும் வரை காப்பாற்றின. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தேவைப்படவில்லை. ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள் தேவைப்பட்டன. எந்தச் சட்டியில் எத்தனை கரண்டி குழம்பு நிற்கிறது என்பது வீட்டு அம்மாளுக்கு மனப்பாடம்.

"ஆகா, அந்தக் காலம் அல்லவா காலம்!" என்று பெருமூச்சு விட எனக்கு மனம் வரவில்லை. ஏர் பிடிக்கப் போகிறவன் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனான். அது அவனுக்கு உயிர் கொடுத்தது. ஆனால் சற்று வசதியுள்ள வீடுகளில் புருஷர்களுக்குச் சுடுசோறு, குழந்தைகளுக்கு நெய்ச் சோறு, எல்லாரும் எழுந்த பிறகு அம்மாளுக்குப் பழையது என்பதுதான் நடைமுறை. அந்த வீடுகளில் உணவு வீணாகாமல் இருந்ததற்கு ஒரு காரணம், மிஞ்சியதையெல்லாம் ஒருத்தியின் வயிறு ஏற்றுக்கொண்டதுதான். சிக்கனத்தைப் புகழும்போது அதன் விலையை யார் கொடுத்தார் என்றும் கேட்க வேண்டாமா?

வேறு சில வீடுகளில் ஆசாரம் குறுக்கே நின்றது. நேற்றுச் சமைத்தது பத்து, அதைத் தொடலாகாது என்று தள்ளினார்கள். இந்த விஷயத்தில் திருவண்ணாமலையிலேயே ஓர் அருமையான உதாரணம் உண்டு. 1922-க்குப் பிறகு உருவான ரமணாசிரமத்தில், ரமணர் பல ஆண்டுகள் விடியற்காலையில் சமையற்கட்டுக்கு வந்து தாமே காய் நறுக்கினார். முதல் நாள் மிஞ்சிய கறிவகைகளை மறுநாள் காலைச் சாம்பாரில் சேர்த்துவிடுவார் என்று உடனிருந்த அடியார்கள் எழுதியிருக்கிறார்கள். ஆசாரக்காரர்கள் முகம் சுளித்தும் அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே பழையது ஒருத்தியின் பங்காகவில்லை. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பொதுவாயிற்று. அந்தச் சாம்பாரில் நான் காணும் விசேஷம் இதுதான்.

சோற்றின் அருமையை நமக்குக் கற்பித்த கொடிய ஆசிரியர் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக் கணக்கானோர் மாண்டனர். 1965-ல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை உணவை விடுமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவுகளில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

இதற்கிடையில் குளிர்ச்சி என்ற புது விருந்தாளி கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையிலும் அதற்கென்று ஓர் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. பிற்பாடு 1897-ல் விவேகானந்தர் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். அந்த ஐஸ் துரைமார்களின் பானத்தைக் குளிர்வித்ததே தவிர, ஏழையின் குழம்பைக் காப்பாற்றவில்லை. 1958-ல் கோத்ரெஜ் கம்பெனி இந்தியாவில் பிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் அது கம்பீரமாக நிற்க இன்னும் பல வருஷங்கள் ஆயின.

பிரிட்ஜ் வந்தால் எதுவும் வீணாகாது என்றுதானே எதிர்பார்த்தோம்? நடந்தது வேறு. உறியில் தொங்கியது கண்ணில் பட்டது. பெட்டிக்குள் போனது மறைந்தது. இரண்டு வாரக் காய்கறியை ஒரே நாளில் வாங்கித் திணித்தோம். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும் காலையில், பிளாஸ்டிக் டப்பாக்களிலிருந்து பூஞ்சை பிடித்த கூட்டும் பொரியலும் கொட்டப்படுவதை நான் பார்க்கிறேன். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவிகிதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது மதிப்பீடு.

போன கண்ணைத் திரும்பக் கொண்டுவரத்தான் காமிரா வந்திருக்கிறது. 2000-த்தில் எல்ஜி கம்பெனி இணையத்தோடு இணைந்த பிரிட்ஜை வெளியிட்டது. 2016-ல் சாம்சங்கின் பெட்டி உள்ளே மூன்று காமிராக்களோடு வந்தது. கதவைச் சாத்தும்போது படம் பிடித்துக்கொள்ளும்; கடையில் நின்றபடியே வீட்டில் தக்காளி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வேண்டாததை வாங்காமலிருப்பதே வீணாக்காமலிருப்பதில் பாதி. ஆனால் எவர்சில்வர் சம்படத்துக்குள் இருப்பது நேற்றைய சாம்பாரா, முந்தாநாள் ரசமா என்று எந்தக் காமிராவுக்குத் தெரியும்? சம்படத்தின் மேல் தேதி எழுதி ஒட்டிய காலணாக் காகிதம் அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்கிறது.

இயந்திரத்தை நான் பரிகாசம் செய்யவில்லை, வரவேற்கவே செய்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒருத்தி தன் தலையில் சுமந்த கணக்கை இன்னொன்று சுமக்க முன்வந்தால் நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது? வீட்டு அம்மாளுக்கு மட்டும் போகுமானால், பழைய பாரத்துக்குப் புதிய மணி கட்டியதாகத்தான் ஆகும். வீட்டிலுள்ள எல்லார் கைப்பேசியிலும் அது ஒலிக்கட்டும். அன்று மிஞ்சியிருப்பதை முதலில் எடுத்துத் தம் தட்டில் போட்டுக்கொள்பவர் வீட்டுத் தலைவராக இருக்கட்டும்.