ஆரோக்கியத்தை ஏன் நமக்குப் பிடிக்கவில்லை?

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதைப் படித்துவிட்டு ஏழெட்டுப் பேர் விடுதி மாடியில் கூடிப் பேசினோம். பேச்சு என்ன பேச்சு, சண்டைதான். ஆரோக்கியம் என்கிற அந்தப் புதிரை வண்ணாத்தியை யாருக்கும் பிடிக்கவில்லை. "எதுத்து ஒரு வார்த்த கேக்க மாட்டேங்குறா. இவ எப்படி தலித் நாவலுக்கு நாயகி?" என்றார் ஒரு தோழர். சுந்தர ராமசாமி இந்நாவலைத் தூக்கிவைத்துப் பாராட்டியது வேறு எரிச்சல். அவுங்களே மெச்சுறாங்கன்னா நமக்கு ஆகாதது ஏதோ உள்ள இருக்குன்னு நானும் கத்தினேன்.

குற்றச்சாட்டு பொய்யில்லை. ஆரோக்கியம் பழைய காலத்துக்கு ஏங்குகிறாள். களத்து நெல் குறைகிறது, ராத்திரிச் சோறு குறைகிறது. தையல் மெஷின் வருகிறது, சலவைக் கடை வருகிறது. இதெல்லாம் அவளுக்கு விடுதலையாகத் தெரியவில்லை, வயிற்றில் விழுந்த அடியாகத் தெரிகிறது. சாதி சுமத்திய வேலையைத் தன் உரிமை என்றே பேசுகிறாள்.

ஆனால் அந்த வேலை யாருக்கான வேலை? புதிரை வண்ணார் வெளுத்தது ஊர்த் துணியை அல்ல, சேரித் துணியை. தீட்டுத் துணி, பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, எழவு வீட்டுத் துணி. கூலி காசில்லை, சோறு, தானியம். நிலம் ஊர்க்காரனிடம். அவனிடம் சேரி வாங்கும் கூலி நெல்லில் ஒரு பிடி இவர்களுக்கு. நெல் காசாக மாறும்போது முதலில் நிற்பது அந்தப் பிடிதான். ஆரோக்கியத்தின் ஏக்கத்தை அடிமைப்புத்தி என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால் இந்தக் கணக்கு மறைந்துபோகும்.

1932 டிசம்பரில் 'தி இந்து' நாளேடு திருநெல்வேலிப் பக்கத்துப் புரத வண்ணாரைப் பற்றி எழுதியது. கண்ணில் பட்டாலே தீட்டு, பகலில் வெளியே வரக்கூடாது, வேலையெல்லாம் நள்ளிரவுக்கு மேல். அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர்கள் வெளுத்ததும் தீண்டப்படாதார் துணியைத்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் மேல்சாதிக் கொடுமை என்று பல்லைக் கடித்திருக்கிறேன். நம் துணி என்பது மட்டும் உறைக்கவே இல்லை.

அன்றைக்கு உறைக்க வைத்தது ஒரு தம்பி. கடைசிவரை மூலையில் பேசாமல் இருந்தவன். "எங்கம்மாவும் இப்படித்தாண்ணே பொலம்பும். எதுத்துப் பேசல, எதுத்துப் பேசலன்னு சொல்றீங்க. எதுத்தா ஒங்க வீட்டயில்ல எதுக்கணும்?" என்றான். மாடி அமைதியாகிவிட்டது. எங்கள் வாசலில் பொழுது சாய்ந்ததும் குண்டானோடு வந்து நிற்கும் கிழவி நினைவுக்கு வந்தாள். பத்து வயசுப் பயல் நான் அவளை "ஏ வண்ணாத்தி" என்பேன். அவள் என்னைச் "சாமி" என்பாள்.

பட்டியல் சாதிகளின் அட்டவணையில் அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். 2009இல் அவர்களுக்கென நலவாரியமும் அமைந்தது. ஆனாலும் சான்றிதழ் கேட்டுப் போனால், வண்ணார்தானே என்று மிகவும் பிற்படுத்தப்பட்டோரில் தள்ளிவிடுவது நடக்கிறது. அந்தத் தம்பிக்கும் அதுதான் நடந்தது. துணைக்கு நான் போனேன். "இவுங்க யாருக்கு வெளுக்குறவங்கன்னு எப்படித் தெரியும்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

"எங்களுக்குத்தாங்க" என்றேன்.