தீபத்தைச் சுமக்கும் தோள்கள்

பாலித் தீவில் அகுங் எரிமலையைத் தெய்வமாக வணங்குகிறார்கள். அதன் சரிவில்தான் அவர்களுடைய பெரிய கோயிலான பெசாகி இருக்கிறது. திருவண்ணாமலையில் எங்கள் அண்ணாமலை எரிமலை இல்லை, இறுகிய பாறை. ஆனாலும் 2,668 அடி உயர மலையை நெருப்பாகவே கும்பிடுகிறோம்.

கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் அந்த நெருப்பை ஏற்றும் உரிமை வழிவழியாகப் பர்வதராஜகுலத்தாருடையது. மீன்பிடித் தொழிலில் இருந்து வந்த சமூகம் அது. பார்வதி தங்கள் குலத்து மகள் என்பது அவர்கள் நம்பிக்கை.

தீபத்துக்கு முன்தினம் ஆளுயரக் கொப்பரையைக் கழியில் கட்டி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று குரல் கொடுத்தபடி தோள் மாற்றித் தோள் மாற்றி மேலே ஏற்றுகிறார்கள். செங்குத்தான இடங்களில் நான் கைவீசி ஏறவே மூச்சு வாங்கும். பின்னாலேயே நெய்யும், திரிக்கான காடாத் துணியும் போகும். மாலை 6 மணிக்குக் கீழே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் காட்சி தந்ததும் உச்சியில் தீபம் ஏறும்; 11 நாள் எரியும். கொப்பரையில் படியும் கரியை மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாற்றிய பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள்.

கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைச் சொன்னால் கிருஷ்ணதேவராயர் பெயர் உடனே வருகிறது. ஒருமுறை கட்டிய கோபுரத்துக்கு அவ்வளவு புகழ் என்றால், ஆண்டுதோறும் மலையேறும் இந்தத் தோள்களுக்கும் ஊர் வரலாற்றில் அதே மரியாதை வேண்டும்.