கந்தூரி இரவுகளும் பாடகர் குழுக்களும்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் ஏட்டுச் சுவடியிலிருந்தும் அச்சு நூலிலிருந்தும் தொடங்குவதே வழக்கம். புலவர் யார், ஆதரித்த வள்ளல் யார், முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று அவ்வரலாறு செல்லும். எழுத்தறியாத பெருந்திரளான மக்கள் அவ்விலக்கியத்தை எவ்வாறு பெற்றனர் என்னும் வினா அதில் எழுவது அரிது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அது அச்சேறிய ஆண்டு 1842. இடைப்பட்ட காலம் முழுவதும் அக்காப்பியம் ஓலையிலும் ஓதுவோர் குரலிலுமே வாழ்ந்தது. கற்றோர் காப்பியத்திற்கே நிலை இதுவாயின், எளிய மக்களின் பாடல்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அக்குரல்களுக்கு ஆண்டுதோறும் இடமும் பொழுதும் அளித்தவை விழாக்கள். நாகூர்க் கந்தூரியை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய முற்படுகிறோம்.

கந்தூரி என்பது விருந்து விரிப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. பின்னர் விருந்தையும், அதன்பின் இறைநேசர்களின் நினைவு விழாவையும் குறிப்பதாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹழ்ரத் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களின் நினைவாக, ஜமாதுல் ஆகிர் முதற்பிறையில் கொடியேற்றத்துடன் நாகூர்க் கந்தூரி தொடங்குகிறது. கொடி ஊர்வலமும், பத்தாம் இரவின் சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்தே புறப்படும். இரவெல்லாம் நகர்ந்து வரும் சந்தனக்கூடு விடியலை ஒட்டி நாகூரை அடையும். இவ்விழாவில் ஓர் இரவு என்பது சில மணி நேரக் கச்சேரி அன்று, அந்தி முதல் வைகறை வரையிலான முழுப்பொழுது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். நமது வாதத்திற்கு அதுவே அடிப்படை.

வரலாற்று மரபு நாயகம் அவர்களைக் குவாலியர் முஹம்மது கௌது (ரஹ்) அவர்களின் சீடர் என்கிறது. அப்பெரியாரின் அடக்கத்தலத்து வளாகத்திலேயே இசைமேதை தான்சேனின் அடக்கமும் உள்ளது. இதனைக் கொண்டு நாகூரின் இசைமரபு குவாலியரிலிருந்து வந்தது என்று நாம் நிறுவ முனையவில்லை. ஞானமும் இசையும் ஒரே வளாகத்தில் அடங்கியிருப்பது அக்கால ஸூஃபி உலகிற்கு வியப்பன்று என்பதே நாம் சொல்ல விழைவது.

நாகூரில் ஒலிப்பது ஒரே வகை இசையன்று. அரசவைக்கும் வடபுலத்துத் தர்காக்களுக்கும் உரிய நகரா இங்கு முழங்குகிறது. தஞ்சை மண்ணின் மங்கல இசையாகிய நாதஸ்வரமும் இங்கு ஒலிக்கிறது. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங் 131 அடி உயர மினாராவை எழுப்பிய தலத்தில், இவ்விரண்டும் இணைந்தமை இயல்பே. கர்நாடக இசையில் தேர்ந்த எஸ்.எம்.ஏ. காதர் அவர்கள் தர்கா வித்துவான் எனப் போற்றப்பெற்றதும் இம்மரபின் தொடர்ச்சியே.

எனினும் கந்தூரியின் உயிர்நாடியாக நாம் கருதுவது பக்கீர்களின் பாட்டே. ஒருபுறம் மட்டும் தோல் போர்த்த வட்டச் சட்டப் பறையாகிய தாயிராவை மார்போடு சேர்த்துத் தட்டிப் பாடும் இவர்களைப் பாவா என்றும் மக்கள் அழைப்பர். ரமழான் மாதத்தில் ஸஹர் நேரத்தில் தெருத்தெருவாகப் பாடி ஊரை எழுப்பியவர்கள் இவர்களே. ஆண்டின் பெரும்பகுதியைப் பயணத்தில் கழிக்கும் இக்குழுக்கள் கந்தூரிக்கு ஒரே ஊரில் கூடின. ஓரிடத்துப் பாட்டு மற்றோரிடத்தாரின் செவியில் விழுந்து, புதிய ஊர்களுக்குப் பயணப்படும் வாய்ப்பு அங்கே பிறந்தது. அவ்வகையில் கந்தூரி அவர்களுக்குப் பிழைப்பிடமாக மட்டுமன்றிப் பயிலிடமாகவும் அமைந்தது.

அவர்கள் பாடியவை யாவை? கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து எனத் தமிழில் முஸ்லிம்கள் வளர்த்த சிற்றிலக்கிய வகைகளையும், குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) பாடல்களையும் குறிப்பிடலாம். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. மசலா என்றால் வினா. ஒருவர் வினவ மற்றவர் விடையிறுக்கும் அவ்வடிவம், தனியே அமர்ந்து படிப்பதைவிடக் கூட்டத்தில் கேட்பதற்கே பெரிதும் பொருந்துவது. கிஸ்ஸாவோ நெடிய கதை. கதை முடியப் பொழுது வேண்டும். பாட்டின் நீளத்திற்கு இரவின் நீளமே இடமளித்தது.

பாடுவோர் எல்லா இடங்களிலும் பக்கீர்களாகவே இருந்தனர் என்பதில்லை. குமரி மாவட்டத்துத் தக்கலையில், தென்காசியில் பிறந்தவரான ஞானி பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ஞானப்புகழ்ச்சி, ரஜப் மாத விழாவில் இரவு முழுவதும் பாடப்பெறுகிறது. அரிய மெய்ஞ்ஞானக் கருத்துகள் செறிந்த அப்பாடல்களைப் பாடுவோர் அவ்வூர் மக்களே. உரையாசிரியரை நாட வேண்டிய ஒரு நூலை ஓர் ஊரே வாய்மொழியாகப் போற்றி வருவதற்கு அவ்வோரிரவு காரணமாகியது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்னும் வினாவை நாம் தவிர்க்க இயலாது. பெருநாள் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதையும், அதனைக் கண்டித்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம் அது பெருநாள் என்பதைச் சுட்டி அவர்களை விட்டுவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் புகாரி பதிவு செய்துள்ளது. இதனை விரித்துப் பொருள் கொள்வோரும் சுருக்கிப் பொருள் கொள்வோரும் உண்டு. கந்தூரியையே ஏற்காத அறிஞர்களும் நம்மிடையே உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸமாஃவுக்கெனத் தனிப்பகுதி வகுத்து, ஜுனைத் (ரஹ்) அவர்களின் கூற்றை வழிமொழிந்து, காலம், இடம், உடனிருப்போர் என்னும் மூன்றையும் நோக்குமாறு பணித்தார்கள். இம்மூன்றும் கேட்போரைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டவை. பாட்டையும் இம்மூன்றே காத்தன என்பதை வரலாறு காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டு வந்தது. பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே ஒலிக்கும். அந்த எல்லைக்குள் இஸ்லாமியத் தமிழ்ப்பாடல் புதிய அழகு பெற்றது. நாகூர் இ.எம். ஹனிபா (1919–2015) அவர்களின் கம்பீரக் குரல், தட்டிலும் பின்னர் ஒலிநாடாவிலும் ஏறி, தர்காவின் பக்கமே செல்லாத இல்லங்களிலும், முஸ்லிம் அல்லாதார் இல்லங்களிலும் புகுந்தது. அப்பெருங்கொடையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2009இல் நாகூர் தர்காவின் பாடகர் மூவர் பாடிய இசைத்தொகுப்பு வெளியாகி, உலக இசை அன்பர்களிடமும் சென்றது. ஆனால் தட்டும் நாடாவும் சுமந்தவை சிறு பாடல்களையே. நூறு வினாக்களுக்கும் நெடுங்கதைக்கும் அவற்றில் இடமிருக்கவில்லை. இன்றைய கருவிகளில் இடத்திற்குக் குறைவில்லை. ஆயினும் அந்த நேரம், அந்த மண், உடனிருந்து கேட்கும் அந்தக் கூட்டம் ஆகிய மூன்றையும் எக்கருவியும் தர இயலாது.

எனவே நெடும்பாடல்களுக்கு எஞ்சியுள்ள புகலிடம் விழா இரவுகளே. அங்கு ஒலிபெருக்கியும் விரைவும் மேலோங்கி, முதிய பாடகருக்கு அரைமணி நேரமே ஒதுக்கப்படுமாயின், அவர் அறிந்தவற்றுள் மிகச் சிறுபகுதியே அடுத்த தலைமுறையின் செவிக்கு எட்டும். எஞ்சியது அவருடன் அடங்கிவிடும். தாயிரா ஏந்தி வருபவரை இரவலராகக் கருதிச் சில்லறை ஈந்து அனுப்பும் நம் வழக்கமும் இவ்விழப்பை விரைவுபடுத்துகிறது.

பழஞ்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அறிஞர்களை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். அத்தேடல் இனி மனிதர்களை நோக்கியும் திரும்ப வேண்டும். ஓர் இரவின் பாடலை இடைமுறியாது பதிவு செய்து, சொற்களை எழுதி, பாடபேதங்களைக் குறித்து, அச்சுப் பிரதியுடன் ஒப்புநோக்குவது நம் கல்லூரித் தமிழ்த்துறைகளால் இயலாத பணியன்று. கந்தூரியைப் பற்றிய கருத்து வேறுபாடு அப்பணிக்குத் தடையாக வேண்டியதில்லை. விழாவை ஏற்போரும் ஏற்காதோரும் நம் முன்னோரின் மொழிக்கு ஒருசேர வாரிசுகளே.